விற்றுக்கொண்டிருந்த ஈகோஸ்போர்ட் ஏன் நின்றது? இன்னும் வைத்திருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. அன்றைக்கும் அதன் சிறிய எஸ்யூவியான ஈகோஸ்போர்ட் விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஏற்றுமதி ஆர்டர்களை முடித்துக்கொடுத்த பிறகு, மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி வண்டி 2022 ஜூலையில் வெளியே வந்தது. "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு, ஏன் நிறுத்தினாங்க?" என்ற கேள்வியை ஒர்க்‌ஷாப் வாசல்களில் இன்னமும் கேட்க முடிகிறது. இந்த மாதம் எத்தனை வண்டி விற்றது என்பதைப் பார்த்து மட்டும் யாரும் ஒரு மாடலை நிறுத்துவதில்லை. அந்த மாடலுக்கு அடுத்து செய்யவேண்டிய பெரிய செலவு திரும்பி வராது என்று கணக்கு சொல்லும்போதுதான் நிறுத்துகிறார்கள். இந்தக் கணக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. எந்த ஸ்பேர் கடைசிவரை கிடைக்கும், எது முதலில் காணாமல் போகும் என்பதையும் இதே கணக்குதான் தீர்மானிக்கிறது.

ஒரு காரின் உடம்பு இரும்புத் தகட்டிலிருந்து வருகிறது. பானெட், ஃபென்டர், கதவு, பக்கவாட்டுத் தகடு என்று ஒவ்வொன்றுக்கும் பிரஸ்ஸில் தனித்தனி டை (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு) வேண்டும். ஒரே அடியில் எந்தத் தகடும் வடிவத்துக்கு வந்துவிடாது. இழுப்பது, ஓரம் வெட்டுவது, மடிப்பது, துளையிடுவது என்று நான்கைந்து கட்டம், கட்டத்துக்கு ஒரு டை. பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் பிளாஸ்டிக் மோல்டு தனி. தகடுகளைப் பிடித்து நிறுத்தி வெல்டிங் செய்யும் ஜிக் தனி. முதல் வண்டி விற்பதற்கு முன்பே இவ்வளவுக்கும் பணம் போட்டாக வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: டை, மோல்டு, சோதனை எல்லாம் சேர்த்து 500 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் 2.5 லட்சம் வண்டி விற்றால் வண்டிக்கு 20,000 ரூபாய் விழும். 50,000 வண்டிதான் விற்றது என்றால் வண்டிக்கு ஒரு லட்சம். ஏழெட்டு லட்ச ரூபாய் வண்டியில் அந்த ஒரு லட்சத்தை வாங்குபவர் தலையிலும் ஏற்ற முடியாது, கம்பெனியும் தாங்காது.

பழைய மாடலுக்கு இதில் ஒரு வசதி உண்டு. டையின் காசு எடுத்தாகிவிட்டால், அதற்குப் பிறகு அடிக்கும் ஒவ்வொரு வண்டியும் மலிவாக விழும். ஒரே உடம்பைப் பத்து வருடம் ஓட்டுவதற்கு இதுதான் காரணம். ஈகோஸ்போர்ட்டிலும் அப்படித்தான். 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள். 2013 ஜூனில் 5.59 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் விற்பனைக்கு வந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கி, 200 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸோடு, பின்னால் ஸ்டெப்னியைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த வண்டிக்கு அன்று நேரடிப் போட்டி என்று சொல்ல அதிகம் பேர் இல்லை. 2016-இல் மாருதியின் பிரெஸ்ஸா, 2017-இல் டாடாவின் நெக்சான், 2019-இல் மஹிந்திராவின் எக்ஸ்யூவி300, ஹூண்டாயின் வென்யூ, 2020-இல் கியாவின் சோனெட் என்று வரிசையாக வந்தன. வந்தவை எல்லாம் புது உடம்பு. ஈகோஸ்போர்ட்டுக்கு 2017 நவம்பரில் முகம் மாற்றினார்கள். பம்பர், கிரில், விளக்கு, டாஷ்போர்டு, பெட்ரோல் இன்ஜின் எல்லாம் புதிது. ஆனால் தகட்டுக் கூடு 2013-இல் வந்ததுதான். பின் சீட்டில் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்கார முடியாது என்ற குறையை எந்த ஃபேஸ்லிஃப்டும் தீர்க்காது. அதற்குக் கூட்டையே மாற்ற வேண்டும். கூட்டை மாற்றுவது என்றால் மேலே சொன்ன 500 கோடிக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பலரும் பேசாமல் விட்ட இன்னொரு காரணம் வரி. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது, நான்கு மீட்டருக்குள் இருந்தால் மட்டும் சிறிய கார் சலுகை கிடைக்கவில்லை. பெட்ரோல் என்றால் இன்ஜின் 1200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டியிருந்தது. இரண்டும் பொருந்தினால் பெட்ரோலுக்கு 28 சதவீதமும் ஒரு சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும், டீசலுக்கு 28-உம் 3-உம் என்பது அன்றைய கணக்கு (2025 செப்டம்பரில் இந்த விகிதங்கள் மாறிவிட்டன). ஃபேஸ்லிஃப்ட் ஈகோஸ்போர்ட்டின் பெட்ரோல் இன்ஜின் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 123 பிஎஸ் (குதிரைத்திறன்). ஓட்ட அருமையான இன்ஜின். ஆனால் வரிச் சட்டத்தின் கண்ணில் அது பெரிய இன்ஜின். செஸ் 17 சதவீதம், மொத்தம் 45. ஆலையிலிருந்து 6 லட்சம் ரூபாய்க்கு வெளியே வரும் வண்டி என்று வைத்துப் பாருங்கள். 29 சதவீதத்தில் வரி 1.74 லட்சம், 45 சதவீதத்தில் 2.70 லட்சம். வாங்குபவர் பார்க்கும் விலையில் 96,000 ரூபாய் வித்தியாசம். நெக்சானின் 1.2 டர்போவும் வென்யூவின் 1.0 டர்போவும் அந்த 96,000-ஐ மிச்சப்படுத்தி, சன்ரூஃபுக்கும் பெரிய ஸ்கிரீனுக்கும் செலவழித்தன. ஃபோர்டிடம் இருந்த 1.2 பெட்ரோல் 96 பிஎஸ்தான். ஃபோர்டின் சிறிய காரான ஃபிகோவுக்குச் சரி, ஈகோஸ்போர்ட்டின் எடைக்குப் போதாது. சலுகை வரிக்குள் அடங்கிய 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ பெட்ரோல் இன்ஜினை பிஎஸ்6 புகை விதிக்கு ஏற்ப மாற்றாமல் கைவிட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். 2020-இல் வந்த பெட்ரோல் பிரெஸ்ஸாவும் 1.5 லிட்டர்தானே, அதுவும் 45 சதவீதம்தானே கட்டியது? கட்டியது. ஆனால் அதே இன்ஜினை எர்டிகா, சியாஸ், எக்ஸ்எல்6 என்று பல வண்டிகள் பகிர்ந்துகொண்டன. இன்ஜினின் செலவு லட்சக்கணக்கான வண்டிகளில் கரைந்துபோனதால் வரிச் சுமையைத் தாங்க இடம் இருந்தது. 2021 வாக்கில் இந்தியச் சந்தையில் ஃபோர்டின் பங்கு இரண்டு சதவீதத்துக்கும் கீழே. மறைமலை நகரில் மட்டும் வருடத்துக்கு 2 லட்சம் காரும் 3.4 லட்சம் இன்ஜினும் செய்யும் திறன் இருந்தது. குஜராத்தின் சானந்தில் இன்னொரு ஆலை. இரண்டும் சேர்த்துப் பாதிகூட ஓடவில்லை. பாதி லைன் சும்மா நின்றாலும் கட்டடம், கரண்ட், பெயின்ட் ஷாப், சம்பளம் எல்லாம் முழுதாகத்தான் போகும்.

ஏற்றுமதிதான் இந்த ஆலையைத் தாங்கிய தூண். 2018 முதல் அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் மறைமலை நகரிலிருந்து போன வண்டி. ஆனால் இந்த மாடலைச் செய்த மற்ற இடங்களில் விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது. முதல் தலைமுறை ஈகோஸ்போர்ட் 2003-இல் பிறந்தது பிரேசிலில். அங்குள்ள கமசாரி ஆலையை 2021 ஜனவரியில் மூடுவதாக அறிவித்தார்கள். ருமேனியாவின் கிரையோவா ஆலையில் பூமா என்ற புது ஃபோர்டு மாடல் வந்து ஈகோஸ்போர்ட்டின் இடத்தை எடுத்துக்கொண்டது. உலகமெங்கும் விற்கும் மாடல் என்றால் அடுத்த தலைமுறையின் செலவை நான்கு நாடுகள் பங்குபோட்டுக்கொள்ளலாம். மற்ற நாடுகள் விலகிக்கொண்டால் மொத்தப் பாரமும் சென்னை மேல் விழும். செலவைப் பகிர்ந்துகொள்ள மஹிந்திராவோடு 2019 அக்டோபரில் ஒரு கூட்டு அறிவித்தார்கள், மஹிந்திராவுக்கு 51 சதவீதம் என்று. 2020 டிசம்பர் 31-இல் அது கைவிடப்பட்டது. ஈகோஸ்போர்ட்டுக்கு இருந்த கடைசி நம்பிக்கை அன்றே போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு வந்த செப்டம்பர் அறிவிப்பில், பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் செயல்பாட்டு நஷ்டம் என்று ஃபோர்டே சொன்னது. சுமார் 4,000 ஊழியர்களின் வேலை அதில் அடங்கியது. ஆலை இருக்கும் கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜிஎஸ்டி) சாலை ஓரத்துச் சிறு சப்ளையர்களின் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஒரு மாடல் நிற்கப்போகிறதா என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டு. காசு எங்கே செலவாகிறது என்று கவனித்தால் போதும். ஸ்டிக்கர், கறுப்பு கிரில், சீட் கவர், 'ஸ்பெஷல் எடிஷன்' என்று மட்டும் வந்துகொண்டிருந்தால், தகட்டில் காசு போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். ஈகோஸ்போர்ட்டில் 2021 மார்ச்சில் வந்த எஸ்இ வேரியன்ட்டில் பின்னால் தொங்கிய ஸ்டெப்னியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் மாற்றம். வேரியன்ட்களும் இன்ஜின்களும் குறைந்துகொண்டே வருவது இரண்டாவது அறிகுறி. மூன்றாவதுதான் உறுதியானது: அரசு விதி மாறும் தேதி. 2019 அக்டோபரில் பழைய மாடல்களுக்கும் மோதல் சோதனை கட்டாயம், 2020 ஏப்ரலில் பிஎஸ்6, 2022-23-இல் கடுமையான எரிபொருள் சிக்கன வரம்பு, 2023 ஏப்ரலில் சாலையில் ஓட்டிப் பார்க்கும் புகைச் சோதனை. ஒவ்வொரு தேதியிலும் பழைய மாடல் செலவு செய்து தேற வேண்டும், இல்லையென்றால் நின்றுவிட வேண்டும். பெரிய தள்ளுபடி கிடைக்கிறது என்று ஒரு வயதான மாடலை வாங்கப் போனால், அடுத்த விதி எந்தத் தேதியில் வருகிறது என்று முதலில் பாருங்கள். தள்ளுபடி ஏன் என்று பெரும்பாலும் புரிந்துவிடும்.

இனி கையில் ஈகோஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு. ஸ்பேர்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தேய்ந்து மாறுபவை, உடைந்தால் மட்டும் மாறுபவை. ஃபில்டர், பிரேக் பேடு, கிளட்ச், ஷாக் அப்சார்பர், லிங்க் ராடு, புஷ் போன்றவற்றுக்கு வண்டி ஓடும்வரை தேவை இருக்கும். தேவை இருக்கும்வரை வெளிக் கம்பெனிகள் செய்துகொண்டே இருக்கும். டயரில் கவலையே இல்லை. 195/65 ஆர்15, 205/60 ஆர்16 இரண்டும் பல வண்டிகளுக்கும் பொதுவான சைஸ். சிக்கல் இரண்டாவது வகையில்தான். ஹெட்லைட், பம்பர், டிக்கி கதவு, பக்கக் கண்ணாடி, டாஷ்போர்டு ஸ்கிரீன், எலெக்ட்ரானிக் மாட்யூல் எல்லாம் இந்த ஒரு உடம்புக்கென்று செய்த மோல்டிலிருந்து வருபவை. நிறுத்திய பிறகு சப்ளையர் மோல்டை ஓரமாக வைத்துவிட்டு, ஆர்டர் சேரும்போது மட்டும் எடுத்து ஓட்டுவார். நூறு பீஸுக்காக மெஷினை நிறுத்தி மோல்டு மாற்றுவது அவருக்குக் கட்டுபடியாகாது. அதனால் விலை ஏறும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

இதில் ஒரே ஒரு பாகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். ஈகோஸ்போர்ட்டின் டிக்கி கதவு பக்கவாட்டில் திறக்கும். கைப்பிடி தனியாகத் தெரியாது, வலது பின் விளக்கோடு சேர்த்து ஒளித்து வைத்திருப்பார்கள். பார்க்கும்போது அழகான வேலை. ஆனால் பார்க்கிங்கில் வலது மூலை லேசாக இடித்தால் விளக்கும் போகும், டிக்கி திறப்பதிலும் தகராறு வரும். மற்ற வண்டியில் விளக்கு உடைந்தால் விளக்கு மட்டும்தான் உடையும். ஆகவே வலது பின் விளக்கு அசெம்பிளி கைக்குக் கிடைக்கும்போது ஒன்று வாங்கி வைப்பது வீண் செலவு ஆகாது. புதிது கிடைக்காவிட்டால் பழைய ஸ்பேர் சந்தையான சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். வாங்கும்போது கண்ணாடியின் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். மாட்டும் காதுகள் ஒடியாமல் இருக்கின்றனவா, சாக்கெட் கருகாமல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஃபேஸ்லிஃப்டுக்கு முன், பின் என்ற வித்தியாசம் முன்பக்கப் பாகங்களில் அதிகம். பார்ட் நம்பரை ஒப்பிடாமல் காசு கொடுக்க வேண்டாம்.

இன்ஜினில் உங்களிடம் எது இருக்கிறது என்று ஆர்சியில் உள்ள சிசி எண்ணே சொல்லிவிடும். 1498 என்றால் டீசல். 1499 என்றால் 2017 வரை வந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல். அதைவிட இரண்டு மூன்று சிசி குறைவாக இருந்தால் ஃபேஸ்லிஃப்டோடு வந்த மூன்று சிலிண்டர். ஆயிரத்தை ஒட்டி இருந்தால் ஈகோபூஸ்ட். இந்த நான்கிலும் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓட வைப்பது டைமிங் பெல்ட்தான், செயின் இல்லை. பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து இன்ஜின் மேல்பாதியே போய்விடும். டீசலில் பெல்ட் மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கும் உருளைகள்), வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பம்ப்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். பம்ப்பை மட்டும் விட்டுவைத்து, அது அடுத்த வருடம் கசிந்தால் மொத்தக் கூலியும் மறுபடி கொடுக்க வேண்டும். கிலோமீட்டர் ஓடவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ரப்பருக்கு வருடக் கணக்கும் உண்டு. 2013, 2014 மாடல்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மூன்று சிலிண்டர் பெட்ரோலிலும் ஈகோபூஸ்ட்டிலும் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடும். இங்கே ஆபத்து வேறு மாதிரி. பொருந்தாத ஆயில் ஊற்றினாலோ, குறுகிய தூரம் ஓடி ஓடி ஆயிலில் பெட்ரோல் கலந்தாலோ, பெல்ட்டின் ரப்பர் உரிந்து துகள் துகளாகச் சேம்பரில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விழும். அந்தத் துகள் ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். ஆயில் பிரஷர் குறையும், பேரிங்குக்கு ஆயில் போகாது. பெல்ட் அறுவதற்கு முன்பே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். எனவே "5டபிள்யூ-30 எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொல்லும் கடையில் ஆயில் மாற்ற வேண்டாம். மேனுவலில் டபிள்யூஎஸ்எஸ் என்று தொடங்கும் ஃபோர்டின் எண் அச்சிட்டிருக்கும். அதே எண் கேனின் பின்புறத்திலும் இருக்க வேண்டும். நகரத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் வரை இழுக்காமல் 7,500-இல் மாற்றுவது பாதுகாப்பு. எப்போதாவது சேம்பர் கழற்ற வேண்டி வந்தால் அந்த வலையை ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் அடுத்த பங்க்வரை ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே அணைத்துவிட வேண்டும்.

1499 பெட்ரோலில் ஆட்டோமேட்டிக் என்றால் அது பவர்ஷிஃப்ட், உலர்ந்த இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். டிராஃபிக்கில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உதறினால் ஒன்று கிளட்ச் தேய்ந்திருக்கும், அல்லது சீல் கசிந்து கிளட்சில் எண்ணெய் பட்டிருக்கும். சீலைப் பார்க்காமல் கிளட்ச் மட்டும் மாற்றினால் சில மாதத்தில் உதறல் திரும்பி வரும். மாற்றிய பிறகு ஸ்கேனரை மாட்டி, கிளட்ச் பிடிக்கும் இடத்தை மாட்யூலுக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த வேலைக்குத் தனி டூல் உண்டு, அது இருக்கிறதா என்று கேட்ட பிறகே வண்டியை விடுங்கள். செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் தேடுபவர்கள் ஃபேஸ்லிஃப்டில் வந்த டார்க் கன்வர்ட்டர் (எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும்) வகையை எடுப்பது மேல். பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைக்காமலிருக்க, வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டிவிட வேண்டும்.

சாவி விஷயத்தில் அசட்டை வேண்டாம். இரண்டு சாவியும் கையில் இருக்கும்போதே மூன்றாவது செய்துகொள்வது எளிது, செலவும் குறைவு. ஒன்று தொலைந்து, மற்றதும் பழுதாகிவிட்டால் ஃபோர்டின் மென்பொருள் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டும்.

இன்சூரன்ஸில் பலர் ஏமாறுவது ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில். புது வண்டிக்குத் தேய்மான அட்டவணை உண்டு. இரண்டாம் வருடத்தில் 20 சதவீதம், நான்கிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 50 சதவீதம் என்று போகும். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கும், தயாரிப்பு நின்ற மாடலுக்கும் அந்த அட்டவணை கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐடிவி. இணையத்தில் பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டும் என்று குறைந்த ஐடிவியைத் தானாகவே போட்டு வைத்திருப்பார்கள். மாற்றக் கேளுங்கள். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை மொத்த இழப்பு என்று முடித்துவிடுவார்கள். ஐடிவி 3 லட்சம் என்றால் அந்தக் கோடு 2.25 லட்சம். முன்பக்கம் மோதி ஏர்பேக் இரண்டும் வெடித்து, ஹெட்லைட், ரேடியேட்டர், டாஷ்போர்டு மாற்ற வேண்டி வந்தால் அந்தத் தொகையை எட்டுவது கஷ்டமே இல்லை. சரிசெய்து ஓட்டக்கூடிய வண்டி காயலான் கடைக்குப் போகும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத வசதி) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். ஈகோஸ்போர்ட்டில் முதலில் உடைபவையும், கிடைக்கத் தாமதமாகுபவையும் அந்தப் பிளாஸ்டிக் பாகங்களே.

ஃபோர்டு திரும்பி வருகிறதே, ஸ்பேர் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சானந்த் ஆலை டாடாவிடம் போய்விட்டது. மறைமலை நகரை ஏற்றுமதிக்குப் பயன்படுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில், 2029 முதல் வருடத்துக்கு 2.35 லட்சம் இன்ஜின் செய்யப்போவதாகச் சொன்னார்கள். அந்த வட்டாரத்துக்கு அது நல்ல செய்தி, சந்தேகமில்லை. ஆனால் அங்கே வரப்போவது புதிய தலைமுறை இன்ஜின். ஈகோஸ்போர்ட்டின் பம்பர் மோல்டும் டிக்கி கதவின் டையும் அந்த லைனில் ஏறப்போவதில்லை. வண்டியை இன்னும் ஐந்தாறு வருடம் ஓட்டுவதாக இருந்தால் வலது பின் விளக்கு, ஒரு ஜோடி ஹெட்லைட், பக்கக் கண்ணாடி ஆகியவற்றை இப்போதே பார்ட் நம்பரோடு எழுதி வைத்துத் தேடத் தொடங்குங்கள்.